அழிந்தால்தான் பிரியும்

ஒரு செல் இரண்டாகப் பிரியப் புதிய புரதங்கள் உருவானால் மட்டும் போதாது. சில புரதங்கள் உரிய நேரத்தில் அழிந்தாகவும் வேண்டும். இது முதன்முதலில் தெளிவாகத் தென்பட்டது 1982 கோடையில். அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தில் ஆங்கிலேயர் டிம் ஹண்ட், கருவுற்ற கடல் முள்ளெலி முட்டைகளில் புரத உற்பத்தி எப்படி முடுக்கிவிடப்படுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். மற்றப் புரதங்கள் நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போக, ஒன்று மட்டும் முட்டை பிரியுமுன் சட்டென்று மறைந்தது. பிறகு மீண்டும் சேர்ந்தது; அடுத்த பிரிவுக்கு முன் மறுபடி மறைந்தது. அதற்கு சைக்ளின் என்று பெயரிட்டார். 2001இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

சைக்ளின் தனித்து எதையும் செய்வதில்லை. சிடிகே1 என்ற நொதியுடன் இணைந்து அதை இயக்குகிறது. அந்த இணை பல புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்ற, குரோமோசோம்கள் இறுகுகின்றன, உட்கரு உறை கலைகிறது. இந்தப் பிரிவு நிலையிலிருந்து செல் வெளியேற சைக்ளின் அழிய வேண்டும். 1989இல் ஆண்ட்ரூ முர்ரே, மார்க் கிர்ஷ்னர் குழுவினர் முன்முனை நறுக்கப்பட்ட சைக்ளினைத் தவளை முட்டைச் சாற்றில் சேர்த்துப் பார்த்தனர். அது அழியவில்லை, சாறும் பிரிவு நிலையிலேயே நின்றுவிட்டது.

அழிக்க வேண்டிய புரதத்தில் முதலில் யுபிக்விட்டின் சங்கிலி ஒட்டப்படுகிறது, வெட்ட வேண்டிய மரத்துக்குச் சுண்ணாம்புக் குறி இடுவதுபோல. யுபிக்விட்டின் என்பது 76 அமினோ அமிலங்களே கொண்ட சிறு புரதம். குறி பெற்ற புரதத்தை புரோட்டியசோம் துண்டுதுண்டாக்கும். யுபிக்விட்டின் மட்டும் தப்பித்து மறுபடி பயன்படும்.

சைக்ளினுக்குக் குறியிடுவது ஏபிசி என்ற புரதக் கூட்டமைப்பு. அதே கூட்டமைப்பு செக்யூரினையும் அழிக்க அனுப்புகிறது. செக்யூரின் இருக்கும்வரை செப்பரேஸ் என்ற நொதி முடங்கிக் கிடக்கும். செக்யூரின் போனதும் செப்பரேஸ், இரட்டைக் குரோமோசோம் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கோஹெசின் வளையத்தை அறுக்கிறது. இழைகள் கதிர்நார்களால் செல்லின் இரு துருவங்களுக்கும் இழுக்கப்படுகின்றன. ஆகவே எல்லாக் குரோமோசோம்களும் தயாராகுமுன் அவசரப்படுவது ஆபத்து. ஒரே ஒரு குரோமோசோம் கதிர்நாரோடு சரியாக இணையாவிட்டாலும் அங்கிருந்து எழும் சமிக்ஞை ஏபிசியைத் தடுத்து நிறுத்துகிறது. இந்தக் காவல் தவறினால் சேய் செல்களில் குரோமோசோம் எண்ணிக்கை பிசகும்; புற்றுநோய் செல்களில் இப்பிசகு மிகச் சாதாரணம்.

பாஸ்பேட்டை ஏற்றினால் இறக்கவும் முடியும். ஆனால் சிதைத்த புரதத்தை ஒட்டவைக்க வழியில்லை, புதிதாகத்தான் செய்தாக வேண்டும். செல் சுழற்சி பின்னோக்கித் திரும்பாததற்கு இது முக்கியக் காரணம். டிஎன்ஏ நகலெடுப்பின் வாசலிலும் இதே முறைதான்: சிடிகே வகை நொதிகளை அடக்கிவைக்கும் பி27 என்ற புரதத்துக்கு எஸ்சிஎஃப் என்ற வேறொரு கூட்டமைப்பு குறியிட்ட பிறகே தடை விலகும். பல புற்றுநோய்க் கட்டிகளில் பி27 அளவுக்கு மீறி அழிக்கப்படுகிறது.