சிக்குக்குள் ஊரும் பாம்பு

தட்டில் குவிந்திருக்கும் நூடுல்ஸில் ஓர் இழையின் நடுவே முள்கரண்டியை விட்டுத் தூக்கினால், அக்கம்பக்கத்து இழைகளும் கூடவே கிளம்பி வரும். அதே இழையை நுனி பிடித்து நிதானமாக உருவினால், வளைந்து நெளிந்து கிடந்த தடத்திலேயே நழுவி வந்துவிடும். உருகிய பிளாஸ்டிக் தண்ணீர்போல் ஓடாமல் பாகாக இழுபடுவதன் ரகசியம் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

பாலிதீன் மூலக்கூறு என்பது ஆயிரக்கணக்கான கார்பன் அணுக்களை வரிசையாகக் கோத்த சங்கிலி. உருகிய பிறகும் சங்கிலிகள் பின்னிக்கொண்டே கிடக்கும். ஒன்றை ஒன்று அறுத்துக்கொண்டு போக முடியாது. பக்கவாட்டில் இடமில்லாததால், முன்னும் பின்னும் ஊர்ந்தே வெளியேற வேண்டும். பிரெஞ்சு இயற்பியலாளர் பியேர்-ஜில் தெ ஜென் 1971-இல் இப்படித்தான் கற்பனை செய்தார். பாம்பை மனத்தில் வைத்து 'ரெப்டேஷன்' என்று பெயரிட்டார். 1978-இல் மசாவோ தோய், சாம் எட்வர்ட்ஸ் இருவரும், சுற்றியிருக்கும் சங்கிலிகளை ஒரு குழாயாகப் பாவித்து, ஓட்டத்துக்கான சமன்பாடுகளை எழுதினார்கள்.

இதில் என்னை ஈர்ப்பது அவர்கள் கைவிட்ட விஷயங்கள். எந்த அணு, என்ன பிணைப்பு என்பதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, நீளத்தையும் சிக்கையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். சங்கிலியின் நீளம் இரட்டித்தால் பாகுத்தன்மை 8 மடங்காகும் என்றது கணக்கு. ஆய்வகத்தில் அளந்தால் 10 மடங்குக்கும் மேல்! அந்த இடைவெளியும் வீணாகவில்லை. சங்கிலியின் நுனிகள் சும்மா இருப்பதில்லை, குழாய்க்குள் சுருங்கியும் நீண்டும் அலைகின்றன என்ற புரிதல் அதிலிருந்துதான் பிறந்தது. குட்டையான சங்கிலிக்கு இந்த அலைச்சல் கூடுதலாக உதவும். அதனால் அது கணக்கைவிட எளிதாக ஓடிவிடுகிறது.

1990-இல் கர்ட் கிரெமரும் கேரி கிரெஸ்டும் கணினிக்குள் பாசிமணி மாலைகளைக் கோத்தார்கள். மணிகள், அவற்றை இணைக்கும் ஸ்பிரிங்குகள், மணிக்குள் மணி புகக்கூடாது என்ற விதி, அவ்வளவுதான். குழாய் என்ற பேச்சே நிரலில் இல்லை. ஆனாலும் மணிகள் குழாய்க்குள் அடைபட்டதுபோலவே நகர்ந்தன.

1994-இல் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீவன் சூவின் குழு இந்த ஊர்தலைக் கண்ணாலேயே பார்த்தது. அடர்த்தியான டிஎன்ஏ கரைசலில் ஒரே ஒரு மூலக்கூறுக்கு மட்டும் ஒளிரும் சாயம் ஏற்றி, அதன் நுனியில் ஒட்டிய நுண்ணிய மணியை லேசர் கற்றையால் வளைத்து வளைத்து இழுத்தார்கள். மூலக்கூறு நீண்டது. பிறகு சுருங்கத் தொடங்கியது. குறுக்கு வழியில் பாயாமல், மணி போன ஒவ்வொரு வளைவிலும் திரும்பித் திரும்பி, ஒளிக்கோடாக ஊர்ந்து போனது.