நீலம் மட்டும் ஏன் இப்படி அடம் பிடிக்குது?

உங்க செல்போன்ல ஓ.எல்.இ.டி. ஸ்கிரீனா? அதுல தெரியற அத்தனை கலரும் சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு கலரோட கூட்டணிதான். முதல் ரெண்டும் சமர்த்துப் பிள்ளைங்க. மூணாவதுதான் விஞ்ஞானிகளையே பெஞ்ச் மேல ஏத்தி நிக்க வெச்ச வால் பையன்!

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக்... 1989, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் காவெண்டிஷ் ஆய்வுக்கூடம். ஜெரமி பரோஸ், டோனல் பிராட்லி, ரிச்சர்ட் ஃப்ரெண்ட் குழுவினர் 'பி.பி.வி.' என்ற பாலிமரின் மெல்லிய படலத்தில் மின்சாரம் பாய்ச்ச, அது பச்சை கலந்த மஞ்சளில் ஒளிர்ந்தது. 1990-ல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வெளியானது. பிளாஸ்டிக் விளக்கு ரெடி! இந்த வகைப் பாலிமர்களைக் கரைசலாக்கி, இங்க் மாதிரி பிரின்ட் பண்ணலாம் என்பது போனஸ்.

மேட்டர் சிம்பிள். பாலிமர் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும். ஒரு பக்கமிருந்து எலெக்ட்ரான், மறுபக்கமிருந்து 'துளை'. ரெண்டும் சந்திச்சா வெளிச்சம்! என்ன கலர் என்பதை ஆற்றல் இடைவெளி முடிவு பண்ணும். சிவப்புக்குச் சுமார் 2 எலெக்ட்ரான் வோல்ட் போதும். நீலத்துக்கு 2.7 வேணும். அவ்வளவு ஆற்றலைத் தாங்கணும்னா மூலக்கூறுக்கு உடம்பு கெட்டியா இருக்கணும்.

1991-ல் ஜப்பானின் ஓமோரி, யோஷினோ குழுவினர் பாலிஃப்ளோரின் என்ற பாலிமரில் நீல ஒளியைக் கொண்டுவந்தார்கள். சூப்பர்! ஆனா, கொஞ்ச நேரம் எரிஞ்சதும் நீலம் பச்சையா மாற ஆரம்பிச்சா?

வில்லன், ஆக்ஸிஜன். ஃப்ளோரினில் 9-ம் நம்பர் கார்பன்தான் வீக்கான இடம். அங்கே ஆக்ஸிஜன் போய் ஒட்டினால் 'ஃப்ளோரினோன்' உருவாகும். அதுக்கு ஆற்றல் இடைவெளி கம்மி. பள்ளத்தைப் பார்த்துத் தண்ணி ஓடற மாதிரி, சங்கிலியில் இருக்கிற ஆற்றல் எல்லாம் அங்கேதான் ஓடும். அதனால சங்கிலியில் அங்கங்கே சில இடம் கெட்டாலே போதும், கலர் மாறிடும்!

வைத்தியம்? 9-ம் கார்பனில் ஹைட்ரஜன் மிச்சமே இல்லாதபடி சுத்தமாகத் தயாரிக்கணும். காற்றும் ஈரமும் புகாமல் சீல் வைக்கணும்.

இன்றைய செல்போன்களில் இருப்பது பாலிமர் இல்லை, வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும் சின்ன மூலக்கூறுகள். அங்கேயும் சீக்கிரம் மங்குறது நம்ம நீலம்தான். அதனால பல ஸ்கிரீன்களில் நீலப் புள்ளியைப் பெரிசா வெச்சிருப்பாங்க. இடம் பெரிசானா, ஒவ்வொரு மூலக்கூறுக்கும் வேலை குறையும், ஆயுள் கூடும்.

ஆக, கெமிஸ்ட்ரி லேப்ல 'பிப்பெட்டை ஒழுங்கா கழுவினியா?'னு மேடம் கேட்டா முறைக்காதீங்க பாஸ். துளியூண்டு அசுத்தம்தான் நீலத்தையே பச்சையாக்குது!