அலுவலகக் கணினிகள் முகிலுக்கு மாறுதல்: உழைப்புச் செயன்முறை நோக்கிற் சில குறிப்புகள்

1

தொழில்நுட்ப மாற்றங்களைத் தொழில்நுட்பவியலாளரின் தனிப்பட்ட விடயமாகக் கருதி ஒதுங்கிக்கொள்வது தமிழ் ஆய்வாளரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். அச்சுப்பொறியின் வருகையன்றித் தமிழ் உரைநடையின் வளர்ச்சியை விளக்க முடியாதென்பதை ஏற்றுக்கொள்ளும் நாம், இன்று எழுத்தும் கணக்கும் கடிதமும் பிறக்கும் இடமாகிய அலுவலகக் கணினியைப் பற்றி மௌனஞ் சாதிக்கின்றோம். உற்பத்திக் கருவிகளில் ஏற்படும் மாற்றம் உற்பத்தி உறவுகளையும் பாதிக்கும் என்பது உண்மையாயின், இம்மௌனம் நியாயப்படுத்தத்தக்கதன்று.

ஏற்கெனவே பயன்பாட்டிலுள்ள அலுவலகக் கணினிகள், இணையவழியே தாமாக ஒழுங்கமையும் முகிற் கணிமை முறைக்கு மாற்றப்படுவதையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. உலகெங்கும் பெரிதும் வழங்குவது மைக்ரோசொவ்ற் நிறுவனம் 2017இல் அறிமுகப்படுத்திய 'விண்டோஸ் ஓட்டோபைலற்' என்னும் முறையாதலின் அதுவே ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது. விண்டோஸ் 10 பணிசெயல் முறைமைக்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவுற்றமையால், இவ்வினா சிறிய அலுவலகங்களின் வாசலையும் வந்தடைந்துள்ளது.

களமாக இணுவிலை மனங்கொள்வோம். காங்கேசன்துறை வீதியில், கோண்டாவிலுக்கும் சுன்னாகத்துக்கும் இடைப்பட்ட இக்கிராமம் புகையிலைக்கும் சுருட்டுக்கும், தவிலுக்கும் நாதசுரத்துக்கும் பெயர்பெற்றது. இத்தகைய ஊரொன்றிலுள்ள அச்சகம், கூட்டுறவுச் சங்கம், பாடசாலை அலுவலகம் ஆகியவற்றில் ஐந்து அல்லது பத்துக் கணினிகள் இருப்பதாகக் கொள்வோம். அவை மாறும்போது நிகழ்வது யாது? அம்மாற்றம் யார் கையிலிருந்து யார் கைக்கு எதனைக் கொண்டுசெல்கின்றது?

2

முதலிற் பழைய முறையை நோக்குவோம். புதிய கணினியொன்று வாங்கப்பட்டால் ஊரிலுள்ள தொழில்நுட்பவியலாளர் ஒருவர் வருவார். பணிசெயல் முறைமையை இறுவட்டிலிருந்தோ சிறு நினைவகக் கோலிலிருந்தோ நிறுவுவார், அச்சுப்பொறியை இணைப்பார், தமிழ் எழுத்துருக்களைச் சேர்ப்பார். பெரிய நிறுவனங்களில் ஒரு கணினியை முழுமையாக ஒழுங்குசெய்து, அதன் படிமத்தை ஏனையவற்றிற் பிரதிசெய்வர். இரு நிலைகளிலும் வேலை கணினியின் முன்னிலையில், ஒரு மனிதரின் கையால் நடைபெறுகின்றது.

புதிய முறையில் இவ்வேலை இடம்பெயர்கின்றது. ஒவ்வொரு கணினிக்கும் அதன் வன்பொருள் உறுப்புகளிலிருந்து கணிக்கப்படும் தனியடையாளம் ஒன்றுண்டு. இதனை வன்பொருள் ஹாஷ் என்பர். இவ்வடையாளம் நிறுவனத்தின் பெயரில் முகிலிற் பதிவுசெய்யப்படும். பின்னர் பயனர் கணினியை இயக்கி இணையத்துடன் தொடுத்ததும், அது மையச் சேவையைத் தொடர்புகொண்டு தான் யாருக்கு உரியதென அறிந்துகொள்கின்றது; பயனரின் அலுவலகப் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கின்றது; 'என்ட்ரா' என்னும் அடையாளப் பதிவேட்டிலும் 'இன்ரியூன்' என்னும் நிருவாகச் சேவையிலும் இணைகின்றது. அதன்பின் விதிகளும் மென்பொருள்களும் அங்கிருந்தே வந்திறங்குகின்றன.

ஏற்கெனவே உள்ள கணினிகளை இம்முறைக்குட் கொணர மூன்று வழிகள் உள. ஒன்று, அவை முன்னரே இன்ரியூனில் இணைந்திருப்பின், நிருவாகி ஒரு தெரிவை மாற்றுவதன் மூலம் அவற்றைப் பதிவுசெய்யலாம். நிறுவனத்துக்கு உரியவையே இவ்வாறு பதியப்படும். ஊழியரின் சொந்தக் கணினிகள் பதியப்படா. இரண்டு, இணையாதவையாயின் ஒவ்வொரு கணினியிலும் சிறு கட்டளைநிரல் ஒன்றை இயக்கி, அடையாளத்தைக் கோப்பாகப் பெற்று, முகிலில் ஏற்றலாம். மூன்று, பெரிய நிறுவனங்களிற் பழைய நிருவாக மென்பொருளைக்கொண்டு பணிசெயல் முறைமையை மீள நிறுவி, முகிலுக்கான ஒழுங்குக் கோப்பையும் அதனுடன் வைத்துவிடலாம்.

பதிவுசெய்தல் வேறு, மாறுதல் வேறு என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. முதலிரு வழிகளிலும் பதிவு நிகழ்ந்த கணத்திற் கணினியில் எம்மாற்றமும் தோன்றுவதில்லை. அடுத்த முறை கணினி மீளமைக்கப்படும்போதே புதிய ஒழுங்கு செயற்படும். மீளமைத்தல் என்பது துடைத்தழித்தலாகும். ஆகவே உண்மையான இடர் பதிவில் அன்று, துடைப்பிலேயே உள்ளது.

3

துடைக்கப்படும் கணினியில் இருப்பது யாது? யாழ்ப்பாணத்துப் பழைய அலுவலகக் கணினியொன்றைத் திறந்து பார்ப்பவர், ஒழுங்குக் குறிப்பேடு எதிலும் இடம்பெறாத உழைப்பின் படிவுகளைக் காண்பர். பெயரிடப்படாத கோப்புறைகள், கூட்ட அறிக்கைகள், கல்வெட்டுகள், திருவிழா அழைப்பிதழ்கள், அங்கத்தவர் பட்டியல்கள் எனப் பல அங்கே உள. மேசைப்பரப்பு, ஆவணங்கள், படங்கள் ஆகிய கோப்புறைகளை முகிலுக்கு அனுப்ப வசதியுண்டு. வேறிடங்களிற் சேமிக்கப்பட்டவை தாமாகச் செல்லா. ஊழியர் தமக்கு வசதியான இடத்திற் சேமித்த வேலையே முதலில் அழியும் அபாயத்துக்குள்ளாகின்றது.

தமிழ் ஆய்வாளரை நேரடியாகத் தொடும் பிரச்சினை இன்னொன்று உளது. இலங்கையிற் பல ஆண்டுகளாகத் தமிழ்த் தட்டச்சு 'பாமினி' போன்ற எழுத்துருக்களிலேயே நடைபெற்றது. ஒருங்குகுறி என்னும் யுனிகோட் தரத்திற் தமிழ் 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலிருந்தே இடம்பெற்றது. தமிழ் விசைப்பலகைக்கான இலங்கைத் தரமும் 2008இல் வந்தது. எனினும் பழக்கம் தரத்தைவிட வலிமை வாய்ந்தது. பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்திற் தமிழ் வடிவங்கள் அமர்ந்திருக்கின்றன. மெய்யின் புள்ளி அரைப்புள்ளிக் குறியின் இடத்தில் உள்ளது. எனவே அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அதே ஆவணம் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த பொருளற்ற வரிகளாகத் தோன்றும். ஆவணம் அழியவில்லை, ஆயின் வாசிக்கப்பட முடியாததாகிவிடுகின்றது.

ஊர்த் தொழில்நுட்பவியலாளர் எவரும் சொல்லாமலே பாமினியை நிறுவுவார். முகில் அதனைச் செய்யாது. நிருவாகி தயாரிக்கும் பட்டியலில் அவ்வெழுத்துரு சேர்க்கப்பட்டாலன்றி அது வந்திறங்காது. பட்டியலைத் தயாரிப்பவர் கொழும்பிலோ இலண்டனிலோ இருக்கலாம். அவர் பாமினி என்னும் பெயரையே கேள்வியுறாதவராகவும் இருக்கலாம். இச்சிறிய உதாரணத்தில் முழுப் பிரச்சினையும் அடங்கியுள்ளது எனலாம்.

4

1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதற் பாகத்தில் மார்க்ஸ் கைவினைக் கருவிக்கும் இயந்திரத்துக்குமுள்ள வேறுபாட்டை விரிவாக ஆராய்கின்றார். கருவி தொழிலாளியின் கைக்கு அடங்கியது. இயந்திரத் தொகுதியிலோ தொழிலாளி அதன் இயக்கத்துக்கு அடங்குகின்றான். 1974இல் ஹரி பிரேவர்மன் உழைப்பும் ஏகபோக மூலதனமும் பற்றிய தமது நூலில் இதனை அலுவலக வேலைக்கும் விரித்து, சிந்தித்தலும் செயற்படுத்தலும் பிரிக்கப்பட்டு முன்னது நிருவாகத்தின் ஏகபோகமாக ஆக்கப்படும் போக்கை எடுத்துக்காட்டினார். நாம் நோக்கும் மாற்றம் இப்போக்கின் அண்மைய வடிவமாகும். எது நிறுவப்படவேண்டும், எது தடுக்கப்படவேண்டும் என்னும் சிந்தனை மையத்துக்குச் செல்ல, ஊரில் எஞ்சுவது கணினியை இயக்கிக் கடவுச்சொல்லை இடும் செயல் மட்டுமே.

ஒப்புநோக்குக்காக இணுவிலின் இரு தொழில்களை நோக்கலாம். இவ்வூரிற் பிறந்த தவில்மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) போன்றோரின் வித்தை உடலோடு ஒன்றியது; குருவின் அருகிலிருந்து பயின்றாலன்றிப் பெறமுடியாதது. சுருட்டுக் கொட்டில்களிலும் கைத்திறன் தொழிலாளியிடமே இருந்தது. கை சுருட்ட, ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, ஏனையோர் கேட்டு விவாதித்த வழக்கம் யாழ்ப்பாணத்துச் சமூக வரலாற்றில் அறியப்பட்டதே. திறன் தொழிலாளியிடமிருந்தாலும் புகையிலையும் கொட்டிலும் முதலாளியிடமே இருந்தன என்பதை மறக்கலாகாது. பழைய முறையை இலட்சியமயப்படுத்துவது நமது நோக்கமன்று.

உண்மையில் புதிய முறைக்கு முற்போக்கான அம்சங்களும் உள. ஒரே வேலையைப் பத்துக் கணினிகளிற் பத்து முறை செய்யும் சலிப்பு நீங்குகின்றது. கணினி பழுதாகினும் வேலை அழிவதில்லை. ஒரே பிரதியை ஓரிடத்தில் வைத்திருப்பதன் விலையை யாழ்ப்பாணம் அறியும். 1981இற் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் அழிந்தன. 2005இல் ஆரம்பமான நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தின் பெறுமதியை அவ்விழப்பின் பின்னணியிலேயே உணரமுடியும். எனவே பிரதியாக்கத்தை எதிர்ப்பது பொருளற்றது. பிரதியின் திறவுகோல் யாரிடம் உள்ளது என்பதே வினா.

5

மையப்படுத்தல் தவறையும் மையப்படுத்துகின்றது. 2024 யூலை 19இற் கிரவுட்ஸ்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான இற்றைப்படுத்தல் ஒன்றினால், உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் நாட்டிலும் பாடம் உண்டு. இலங்கை அரசாங்க முகில் 2023 ஓகஸ்டிற் கப்பம் கோரும் தீநிரலாற் தாக்கப்பட்டபோது, அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்களுக்குத் தனிப்பிரதி இருக்கவில்லை. முகிலில் இருப்பதனாலேயே ஒன்று காப்புப் பெற்றதாகாது என்பது இதனாற் புலனாகும்.

பொருளாதார அம்சமும் கவனிக்கத்தக்கது. முன்னர் ஒருமுறை விலைகொடுத்து வாங்கியதற்கு இன்று காலந்தோறும் வாடகை செலுத்தவேண்டியுள்ளது. உடைமையாளர் குத்தகையாளராகின்றார். இவ்வாடகையின் அடிப்படை அந்நிய நாணயத்தில் உள்ளது. 2022இன் நெருக்கடியில் ஒரு டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்ததையும், நாளொன்றுக்குப் பல மணிநேரம் மின்சாரம் தடைப்பட்டதையும் எண்ணின், இத்தகைய சார்புநிலையின் கனதி விளங்கும்.

பதிவு கணினியின் தாய்ப்பலகையோடு ஒட்டியது என்பதும் முக்கியமானது. வெளிநாட்டிலுள்ள உறவினர் தம் அலுவலகம் கழித்த கணினியொன்றை ஊர்ப் பாடசாலைக்கு அன்பளிப்புச் செய்வதாகக் கொள்வோம். பழைய நிறுவனம் பதிவை நீக்காதிருப்பின், துடைத்து இயக்கியதும் கணினி அந்நிறுவனத்தின் கடவுச்சொல்லையே கேட்கும். பொருள் கைமாறியும் உடைமை கைமாறாத விசித்திர நிலை இது. பதிவு நீக்கப்பட்டதா என்பதை அன்பளிப்பை ஏற்கு முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

6

மேற்கூறியவற்றிலிருந்து நடைமுறைக்குரிய சில முடிவுகளுக்கு வரலாம். மாற்றத்துக்கு முன் ஒவ்வொரு கணினியையும் அதனைப் பயன்படுத்துபவருடன் அமர்ந்து பார்வையிட்டு, எங்கே எது உள்ளதெனப் பட்டியலிடுதல் வேண்டும். இவ்வறிவு அவரிடம் மட்டுமே உள்ளது. பாமினி ஆவணங்களை ஒருங்குகுறிக்கு மாற்றி, மூலத்தையும் எழுத்துருவையும் புறத்தே பாதுகாத்தல் வேண்டும். மாற்றும்போது எண்களும் ஆங்கிலச் சொற்களும் சிதையக்கூடுமாதலின் ஒருவர் வாசித்து ஒப்புநோக்குதல் அவசியம். விண்டோசின் வீட்டுப் பதிப்பு இம்முறைக்கு ஏற்காது. இதனையும், கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்பதையும் முதலிலேயே அறிதல் நன்று. எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றாது ஒரு கணினியிற் பரீட்சித்து, அதில் ஒரு மாதம் வேலைசெய்த ஊழியரின் கருத்தைக் கேட்டபின் ஏனையவற்றைத் தொடவேண்டும். நிருவாக அதிகாரம் ஒருவரிடமன்றி இருவரிடமேனும், அவர்களுள் ஒருவர் ஊரவராகவும், இருத்தல் வேண்டும். முகிலுக்கு வெளியே ஒரு பிரதி எப்போதும் நம் கையில் இருக்கவேண்டும்.

கருவியை வெறுப்பதும் கருவியை வழிபடுவதும் ஒரே தவறின் இரு முகங்களாம். எந்தக் கருவியும் எவருடைய உழைப்பால் ஆனது, எவருடைய நலனுக்கு இயங்குகின்றது, எவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்னும் வினாக்களே அடிப்படையானவை. பட்டியலைத் தயாரிக்கும் கூட்டத்தில், இருபது ஆண்டுகள் அக்கணினியிற் தட்டச்சுச் செய்த ஊழியருக்கும் ஓர் ஆசனம் இடப்படுமாயின், இம்மாற்றத்தின் தன்மையே வேறாகும்.