கோப்பை வந்தாச்சு... சொந்த மைதானம் எப்போ? - திருப்பூர் தமிழன்ஸ் அணியின் கதை!

2025 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. பனியன் கம்பெனிகளுக்கு லீவு நாள். அன்று ராத்திரி திருப்பூரில் கிரிக்கெட் பிடித்தவர்கள் எல்லோரின் கண்ணும் செல்போனில்தான் இருந்தது. நத்தத்தில் நடந்த டி.என்.பி.எல் இறுதிப்போட்டியில் ஐட்ரீம் திருப்பூர் தமிழன்ஸ் அணி 20 ஓவரில் 220 ரன் குவித்தது. துஷார் ரஹேஜா 46 பந்தில் 77, அமித் சாத்விக் 34 பந்தில் 65. எதிரணி, நடப்பு சாம்பியனான திண்டுக்கல் டிராகன்ஸ். கேப்டன் அஷ்வின். சொந்த ஊர் மைதானம் வேறு. ஆனாலும் 102 ரன்னில் சுருண்டது. 118 ரன் வித்தியாசத்தில் வென்று, சாய் கிஷோர் தலைமையிலான திருப்பூர் முதல் முறையாகக் கோப்பையைத் தூக்கியது.

கொண்டாட வேண்டிய விஷயம்தான். ஆனால், ஒரு கேள்வி மட்டும் இன்னும் மிச்சமிருக்கிறது. திருப்பூர் என்ற பெயரோடு ஆடும் இந்த அணி, திருப்பூரில் ஒரு டி.என்.பி.எல் மேட்ச்கூட ஆடாமலேயே சாம்பியன் ஆகியிருக்கிறது!

காரைக்குடியில் இருந்து வந்த காளை

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் 2016-ல் டி.என்.பி.எல் தொடரைத் தொடங்கியபோது எட்டு அணிகள். அதில் திருப்பூர் கிடையாது. கோவை இருந்தது, மதுரை இருந்தது, காரைக்குடி இருந்தது. திருப்பூர் ரசிகர்களுக்குப் பக்கத்து ஊர் கோவைதான் கதி.

2020-ல் நிலைமை மாறியது. 'காரைக்குடி காளை' என்ற பெயரில் ஆடிக்கொண்டிருந்த அணி 'திருப்பூர் தமிழன்ஸ்' ஆனது. அந்த வருடம் கொரோனாவால் தொடரே ரத்து. அதனால் திருப்பூர் பெயரில் அணி முதலில் களமிறங்கியது 2021-ல்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். லீக் பெரிதாகவில்லை. அப்போதும் எட்டு, இப்போதும் எட்டு. ஓர் ஊருக்கு அணி கிடைத்தால், இன்னோர் ஊர் அணியை இழக்கிறது. தூத்துக்குடி அணிதான் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆனது. திருவள்ளூரில் தொடங்கிய அணி காஞ்சிக்குப் போய், பிறகு நெல்லை ராயல் கிங்ஸ் ஆனது. முதல் சீசனில் காஞ்சி பெயரில் ஆடிய இன்னோர் அணி திருச்சிக்குப் போனது.

சிவகங்கை, மதுரை, தேனி பக்கமிருந்து பிழைப்பு தேடி வந்து திருப்பூர்க்காரர்கள் ஆனவர்கள் ஏராளம். அவர்களைப் போலவே அணியும் அந்தப் பக்கமிருந்து வந்து இங்கே ஒட்டிக்கொண்டது. திருப்பூருக்கு அது லாபம். காரைக்குடிக்கு?

ஆஸ்திரேலியாவிலும் இதே கதை!

இது நம்ம ஊர் சங்கதி மட்டுமில்லை. ஆஸ்திரேலியாவில் 'ஆஸ்திரேலியன் ரூல்ஸ்' என்று ஒரு ஃபுட்பால் இருக்கிறது. முட்டை வடிவப் பந்து, கிரிக்கெட் மைதானத்திலேயே ஆடுவார்கள். மெல்போர்னைச் சேர்ந்த சவுத் மெல்போர்ன் கிளப், 1982-ல் சிட்னிக்கு இடம் மாறியது. சிட்னிக்கு அணி கிடைத்தது. தலைமுறைகளாக அந்த கிளப்பைத் தூக்கிப்பிடித்த ரசிகர்கள் மனம் உடைந்து போனார்கள்.

பிறகு அந்த லீக் வழியை மாற்றிக்கொண்டது. 2011-ல் கோல்டு கோஸ்ட், 2012-ல் சிட்னியின் மேற்குப் பகுதிக்கென ஜி.டபிள்யூ.எஸ் எனப் புத்தம் புதிய அணிகளை உருவாக்கியது. மொத்தம் 18 ஆனது. 19-வது அணிக்கான உரிமம் 2023 மே மாதம் டாஸ்மேனியா தீவுக்குக் கிடைத்தது. ஆனால், ஒரு கண்டிஷன். தலைநகர் ஹோபார்ட்டில் 23,000 பேர் அமரும், கூரை போட்ட ஸ்டேடியம் வேண்டும். அதற்கு ஆகும் செலவை வைத்து அந்தத் தீவின் அரசியலே சூடானது.

அங்கே மைதானம் இருந்தால்தான் அணி. இங்கே அணி வந்துவிட்டது, மைதானம்தான் வரவில்லை.

ஒன்பதாவது அணி ஏன் கஷ்டம்?

யாருடைய அணியையும் பறிக்காமல் புது ஊர்களைச் சேர்க்கலாமே என்று தோன்றும். கணக்கைப் பார்க்கலாம்.

இப்போது எட்டு அணிகளும் ஒன்றோடு ஒன்று ஒரு முறை மோதினால் 28 லீக் மேட்ச். பிளே ஆஃப் சுற்றில் நான்கு. மொத்தம் 32. ஒன்பது அணி என்றால் லீக் மேட்ச் மட்டும் 36. பத்து அணி என்றால் 45. ஐ.பி.எல் முடிந்த பிறகு, உள்ளூர் சீசன் தொடங்கும் முன் கிடைக்கும் சில வாரங்களுக்குள் அத்தனையையும் முடிக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் கோவைப் பக்கம் தென்மேற்குப் பருவமழையும் எட்டிப் பார்க்கும். 2022 இறுதிப்போட்டி கோவையில் மழையால் முடியாமல் போய், சேப்பாக் சூப்பர் கில்லீஸும் லைகா கோவை கிங்ஸும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டது ஞாபகம் இருக்கும்.

வீரர்கள் விஷயமும் உண்டு. அணி கூடினால், இன்று வெளியே உட்கார்ந்திருக்கும் பையன்களுக்கு வாய்ப்பு கிடைக்கும். ஆனால், ஆட்டத்தின் தரம் குறையுமோ என்ற பயமும் கூடவே வரும். எந்த நாட்டு லீக்காக இருந்தாலும் இந்த இழுபறி இல்லாமல் இருக்காது.

ஏலம் போட்ட பாதை

திருப்பூர் எடுத்த எடுப்பிலேயே ஜெயித்துவிடவில்லை. முதல் மூன்று சீசன்களில் பிளே ஆஃப் பக்கமே போகவில்லை. 2023-ல் டி.என்.பி.எல்லில் ஏலமுறை வந்தது. 2024 ஏலத்தில் சாய் கிஷோரை 22 லட்ச ரூபாய்க்கு திருப்பூர் எடுத்தது. அதற்கு முந்தைய வருடம் சாய் சுதர்சனுக்கு கோவை கொடுத்த 21.6 லட்சம்தான் அதுவரை பெரிய தொகை. அதே ஏலத்தில் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனும் 11.25 லட்சத்துக்கு வந்தார்.

பலன் உடனே தெரிந்தது. 2024-ல் இரண்டாவது குவாலிஃபையர் வரை போய் திண்டுக்கல்லிடம் தோற்றது. 2025-ல், லீக் சுற்றில் ஒரு மேட்ச்கூட தோற்காத சேப்பாக்கை முதல் குவாலிஃபையரில் 79 ரன் வித்தியாசத்தில் சாய்த்தது. இறுதிப்போட்டியில் திண்டுக்கல்லிடம் பழைய கணக்கையும் தீர்த்துக்கொண்டது. துஷார் ரஹேஜா அந்த சீசனில் மட்டும் 488 ரன்.

ஏலத்தில் யார் எந்த ஊர் என்று பார்க்கமாட்டார்கள். அதனால், 'திருப்பூர்' அணியில் திருப்பூர்ப் பையன் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அணி ஜெயிப்பதால் மட்டும் உள்ளூர்ப் பிள்ளைகள் மேலே வந்துவிட முடியாது என்பது இதனால்தான்.

ஒன்றரை ஷிஃப்ட் முடிந்தால்...

டி.என்.பி.எல்லின் ராத்திரி மேட்ச் 7.15 மணிக்குத் தொடங்கும். திருப்பூர் கம்பெனிகளில் காலை எட்டரைக்கு உள்ளே போனவர் ஒன்றரை ஷிஃப்ட் பார்த்துவிட்டு வெளியே வர ராத்திரி எட்டரை ஆகிவிடும். அதற்குள் முதல் இன்னிங்ஸ் முடியும் நேரம். 50 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் கோவை மைதானத்துக்கு எப்படிப் போவது? ஞாயிற்றுக்கிழமை மேட்ச் அமைந்தால்தான் உண்டு. சேலம், நத்தம், நெல்லை என்றால் போகவர ஒரு நாளே போய்விடும்.

இதில் ஒரு வேடிக்கை. உலகக் கோப்பை, ஐ.பி.எல் சீசன் என்றால் ரசிகர்கள் போடும் ஜெர்சி தைப்பதில் திருப்பூர் பிஸி ஆகிவிடும். காதர்பேட்டை கடைகளில் எல்லா அணிகளின் சட்டையும் தொங்கும். ஊருக்கெல்லாம் ஜெர்சி தைக்கும் கைகளுக்கு, சொந்த ஊர் அணியின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு கேலரியில் உட்கார வழியில்லை.

வழி இருக்கிறதா?

இருக்கிறது. மற்ற ஊர்கள் என்ன செய்தன என்று பார்த்தாலே போதும்.

திண்டுக்கல் மேட்ச்கள் நடப்பது நத்தத்தில், என்.பி.ஆர் கல்லூரி மைதானத்தில். கோவை மேட்ச்களும் ஒரு கல்லூரி மைதானத்தில்தான். நெல்லையில், சங்கர் நகர் இந்தியா சிமென்ட்ஸ் மைதானம். சேலம் மைதானம் நகரத்துக்கு வெளியே வாழப்பாடியில், 2020-ல் திறக்கப்பட்டது. ஆக, நகரத்தின் நடுவே பல ஏக்கர் வாங்கிப் பிரமாண்ட ஸ்டேடியம் கட்ட வேண்டிய அவசியமில்லை. நிலம் வைத்திருக்கும் ஒரு கல்லூரியோ கம்பெனியோ முன்வந்தால் பாதி வேலை முடிந்தது. அவிநாசி, பல்லடம், காங்கேயம் என்று மாவட்டத்தில் எந்தப் பக்கம் அமைந்தாலும் சரிதான்.

மீதிப் பாதி, தரமான டர்ஃப் பிட்ச், மழைநீர் வடியும் வசதி, ஃப்ளட்லைட், டிரெஸ்ஸிங் ரூம், ஒளிபரப்புக்கான இடம். செலவு கோடிகளில் ஆகும். கோப்பை வந்த அடுத்த மாதமே, 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவிகித வரி போட்டதில் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் ஆடிப்போனார்கள். ஆர்டரைக் காப்பாற்றுவதா, மைதானம் கட்டுவதா என்று கேட்டால் எதற்கு முதலிடம் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால், மைதானத்தால் கிடைக்கும் லாபம் வருடத்துக்கு நான்கைந்து டி.என்.பி.எல் மேட்ச் மட்டுமில்லை. மீதி 11 மாதமும் அதே பிட்ச்சில் மாவட்ட லீக், பள்ளி மேட்ச், பயிற்சி முகாம் எல்லாம் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலி இடத்தில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போடும் பையனுக்கு, தோல் பந்தும் நல்ல பிட்ச்சும் பஸ் ஏறிப் போகும் தூரத்தில் கிடைக்கும். டென்னிஸ் பந்தில் தொடங்கிய நடராஜன் 2016 டி.என்.பி.எல்லில் கவனம் ஈர்த்து, 2017 ஐ.பி.எல் ஏலத்தில் 3 கோடிக்குப் போனார். பிறகு இந்திய அணிக்கும் ஆடினார். அப்படி ஒருவர் திருப்பூரில் இருந்தும் வர வேண்டுமானால், முதலில் அவர் ஓடிவந்து பந்து போட ஓர் இடம் வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஊரில் மைதானமும், டிக்கெட் வாங்கிப் பார்க்கும் கூட்டமும் இருந்தால், அணியை வேறு ஊருக்கு மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. பெயர் மட்டும் இருந்தால், பேனாவால் அடித்துவிட்டு அடுத்த ஊர் பெயரை எழுதிவிடலாம். வேண்டுமானால் காரைக்குடி ரசிகர்களிடம் கேட்டுப் பாருங்கள்!