முன்னேறுகிறோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

2018 ஆகஸ்டில் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்வப்னா பர்மன் ஹெப்டத்லானில் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் ஹெப்டத்லான் தங்கம் ஓர் இந்தியருக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை. ஜல்பாய்குரியில் பிறந்த அவர், கொல்கத்தா சால்ட் லேக்கில் உள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்தில் சுபாஷ் சர்க்காரிடம் பயிற்சி பெற்றவர். இரண்டு நாளில் ஏழு விளையாட்டுகள், மொத்தம் 6026 புள்ளிகள்.

அந்த மொத்தத்தைப் பிரித்துப் பார்த்தால், தனியாகப் பயிற்சி செய்யும் ஒவ்வொருவருக்கும் உதவக்கூடிய ஓர் உண்மை தெரிகிறது. தடை ஓட்டத்தில் அவருக்கு 981 புள்ளிகள். உயரம் தாண்டுதலின் 1003-க்கு அடுத்தபடியாக அவர் அதிகம் ஈட்டியது இதில்தான். ஆனால் அந்த ஓட்டத்தில் அவருக்குக் கிடைத்தது 5-ஆம் இடம். குண்டெறிதலில் 707 புள்ளிகள். ஏழில் இதுவே குறைவு. அங்கேயோ அவர் 2-ஆம் இடம்! இடத்தைப் பார்த்தால் குண்டெறிதல் பலம், புள்ளியைப் பார்த்தால் தடை ஓட்டம் பலம். போதாக்குறைக்கு, புள்ளி வாய்பாடும் எல்லா விளையாட்டுக்கும் ஒரே தாராளம் காட்டுவதில்லை. குண்டெறிதலில் பெரும்பாலோருக்குப் புள்ளி குறைவாகத்தான் வரும். ஆக, வீராங்கனை வளர்ந்திருக்கிறாரா என்று சொல்லக்கூடியது மூன்றாவது அளவுகோல்: அதே விளையாட்டில் அவருடைய பழைய அளவு.

உடல்நலத்துக்காக ஓடுபவருக்கு இந்த மூன்றாவது ஒன்றே போதும் என்பது என் உறுதியான கருத்து. பக்கத்தில் ஓடுபவரின் வயதும் தூக்கமும் உடல்வாகும் வேறு. அவரை முந்தினோமா என்ற கேள்வி நம் இதயத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

டிசம்பர் காட்டும் வேகம்

பழைய அளவோடு ஒப்பிடுவதிலும் கொல்கத்தாவில் ஒரு சிக்கல் உண்டு. 2014 முதல் டிசம்பரில் நடக்கும் டாடா ஸ்டீல் 25 கிலோமீட்டர் ஓட்டத்துக்காகப் பலர் ஆகஸ்டிலேயே பயிற்சியைத் தொடங்குகிறார்கள். ஆகஸ்ட் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். வியர்வை வழியும், ஆனால் ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. சூட்டை வெளியேற்றத் தோலுக்கும், ஓடுவதற்காகத் தசைக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால், மெதுவான ஓட்டத்துக்கே இதயம் வேகமாகத் துடிக்கும். நவம்பர் கடைசியில் காலைக் குளிர் வந்ததும் அதே உழைப்புக்கு வேகம் கூடிவிடும். அதில் பயிற்சியின் பங்கு எவ்வளவு, பருவத்தின் பங்கு எவ்வளவு என்று நேரத்தை மட்டும் பார்த்தால் பிரித்தறிய முடியாது.

ஏப்ரலில் இதுவே தலைகீழாகிறது. வேகம் குறைவதைக் கண்டு சோர்ந்து பயிற்சியையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் உடல் பின்வாங்கவே இல்லை, வெயில்தான் ஏறியிருக்கிறது.

இதற்கு எளிய வழி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒரு சோதனை ஓட்டம். அதே பாதை, அதே நேரம், முந்தைய நாள் கடுமையான பயிற்சி கூடாது. லேக் மார்க்கெட் பக்கம் இருப்பவர்களுக்கு ரவீந்திர சரோபர் ஏரிக்கரை வசதி. வடக்கே இருப்பவர்கள் மைதானத்தில் ஒரு பாதையைத் தேர்ந்துகொள்ளலாம். பேசிக்கொண்டே ஓடக்கூடிய சிரமத்தில் 30 நிமிடம் ஓடி, தூரத்தையும் முடித்தவுடன் நாடித்துடிப்பையும் எழுதுங்கள். பக்கத்தில் அன்றைய வெப்பநிலையும் ஈரப்பதமும் கட்டாயம் வேண்டும். ஒரே மாதிரியான வானிலை நாள்களைத்தான் ஒப்பிட வேண்டும். ஆகஸ்டுக்கு ஆகஸ்ட், டிசம்பருக்கு டிசம்பர் என்று ஓராண்டு பொறுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

குளிர்காலத்துக்கு வேறொரு கேடு இருக்கிறது. புகையும் தூசியும் தரையை ஒட்டியே தேங்கிவிடும். விக்டோரியா நினைவகம், ரவீந்திர சரோபர் இரண்டிடத்திலும் காற்றுத்தர அளவீட்டு நிலையங்கள் உள்ளன. காலையில் கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். குறியீடு 200-ஐத் தாண்டினால் இந்திய அளவுகோலில் அது ‘மோசம்’. அன்று சோதனை ஓட்டம் வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் வெளியில் ஓடவே வேண்டாம்.

தினமும் எழுத வேண்டியவை

அதிகம் எழுதத் தொடங்கினால் பத்து நாளில் நின்றுவிடும். காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன் நாடித்துடிப்பு, தூங்கிய நேரம், எங்காவது வலி, செய்த பயிற்சி. இவ்வளவு போதும்.

பெரியவர்களுக்கு ஓய்வில் 60 முதல் 100 வரை துடிப்பது இயல்பு. தொடர்ந்து பயிற்சி செய்பவர்களுக்கு அதைவிடக் குறையலாம். மாதக்கணக்கில் அது மெல்ல இறங்கினால் நல்ல அடையாளம். வழக்கத்தைவிட எட்டுப் பத்து கூடி இரண்டு மூன்று நாள் அப்படியே நின்றால் களைப்பு, நீரிழப்பு, தொடங்கப்போகும் காய்ச்சல் ஆகியவற்றில் ஏதாவது காரணமாக இருக்கலாம். அன்று ஓய்வெடுங்கள்.

பயிற்சியின் சுமையை அளக்கக் கருவி தேவையில்லை. ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் போர்க், உணரும் சிரமத்தையே எண்ணாக்கலாம் என்று காட்டினார். அதைப் பின்பற்றி கார்ல் ஃபாஸ்டர் பரவலாக்கிய முறையில், சிரமத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு நிமிடங்களோடு பெருக்க வேண்டும். 40 நிமிட ஓட்டம், சிரமம் 5 என்றால் சுமை 200. வாரக் கூட்டுத்தொகை திடீரென்று எகிறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கைக்கடிகாரம் காட்டும் துடிப்பும் தூரமும் தோராயமானவை. பட்டை தளர்ந்தாலோ மரங்கள் அடர்ந்த பாதையில் ஓடினாலோ பிசகும். ஒரே கடிகாரத்தின் பல மாதப் போக்கை நம்பலாம். ஒரு நாள் எண்ணை நம்ப வேண்டாம்.

வலியும் ஓர் அளவு

ஸ்வப்னாவுக்கு இரு கால்களிலும் ஆறு விரல்கள். சாதாரணக் காலணிகள் அழுத்தி வலித்ததைப் பொறுத்துக்கொண்டே அவர் பல ஆண்டு ஓடினார். ஜகார்த்தாவில் பல் தொற்றினால் கன்னத்தில் பட்டையோடு களமிறங்கினார். அந்த உறுதி வணங்கத்தக்கது. ஆனால் நாட்டுக்காகப் பதக்கம் வெல்லப் போகிறவரின் பொறுமையை, ரத்த அழுத்தம் குறைய ஓடுகிறவர் பின்பற்றக் கூடாது.

பயிற்சி தொடங்கிய சில வாரங்களில் மூச்சும் தசையும் தேறிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் உறுதிப்பட மாதங்கள் ஆகும். எண்கள் நன்றாக ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் குதிகாலும் முழங்காலும் அடிபடுவது இதனால்தான். ஓட ஓடக் கூடும் வலி, மறுநாள் காலையிலும் நொண்டவைக்கும் வலி இரண்டும் நிறுத்தச் சொல்பவை.

பெண்கள் மாதவிடாய்த் தேதிகளையும் அதே குறிப்பேட்டில் எழுத வேண்டும். பயிற்சி கூடிய மாதங்களில் அது தள்ளிப்போனாலோ நின்றாலோ, செலவழிக்கும் ஆற்றலுக்கு ஏற்ற உணவு உள்ளே போகவில்லை என்று பொருளாக இருக்கலாம். எலும்பு மெலியும் ஆபத்து அதில் இருக்கிறது. மகளிர் மருத்துவரைப் பாருங்கள்.

ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, கண் இருட்டல், தாறுமாறான துடிப்பு: இவற்றை எழுதிவைத்து அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. அங்கேயே நிறுத்தி, கூட இருப்பவரிடம் சொல்லி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.