அபாய காலத்தில் அரசின் வாக்கு

பயங்கரவாத மிரட்டல் ஒன்று வந்துவிட்டால் அரசு தன் ஜனங்களிடம் எதை, எப்போது, யார் வாயிலாகச் சொல்ல வேண்டும் என்ற கேள்வி, தில்லியிலும் சென்னையிலும் உள்ள காரியாலயங்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணுகிறவர்கள், ஓட்டப்பிடாரத்தை அடுத்துக் கரிசல் காட்டின் நடுவே இருக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கு ஒருமுறை வந்து, 1974-ஆம் ஆண்டு தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையோடு, பழைய கோட்டையின் அஸ்திவாரம் மிஞ்சிக் கிடக்கும் இடத்தையும் பார்த்துப் போவது நல்லது. அபாய காலத்தில் அதிகாரம் எப்படிப் பேசும், எப்படி மௌனம் சாதிக்கும், அந்த மௌனத்தை ஜனங்கள் எதைக்கொண்டு நிரப்புவார்கள் என்பவற்றை இந்த மண் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருக்கிறது. இவ்வூர்ப் பாளையக்காரர் கட்டபொம்மன் நடத்திய போரைப் பயங்கரவாதத்தோடு ஒப்பிடுவது என் கருத்தன்று. அது சுதந்திரத்துக்காக நடந்த போர். எதிரே நின்ற கிழக்கிந்தியக் கம்பெனி அரசு பேசிய முறையை மாத்திரமே இங்கே ஆராய விரும்புகிறேன்.

1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்ஸனுக்கும் கட்டபொம்மனுக்கும் நடந்த சந்திப்பு கைகலப்பில் முடிந்து, லெப்டினன்ட் கிளார்க் மாண்டபோது, பழி முழுவதையும் பாளையக்காரர் மீதே ஜாக்ஸன் சுமத்தினார். சென்னைக் கவுன்சில் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது, குழு கட்டபொம்மன் மீது குற்றமில்லை என்று கண்டது, ஜாக்ஸன் பதவியிழந்தார். களத்திலிருந்து முதலில் வரும் உத்தியோக அறிக்கையே முழு உண்மையாகிவிடாது என்பதைக் கம்பெனியாரே ஒப்புக்கொண்ட சந்தர்ப்பம் அது.

அந்த நிதானம் ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 1799 அக்டோபர் 16-ஆம் தேதி மேஜர் பானர்மன், மற்றப் பாளையக்காரர்களைக் கயத்தாற்றில் கூட்டிவைத்து, அவர்கள் கண்ணெதிரே கட்டபொம்மனைத் தூக்கிலிடச் செய்தார். கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணை பிறந்தது. அச்சமூட்டினால் ஜனங்கள் அடங்குவார்கள் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்ட இந்தக் காரியத்துக்கு ஒரு பின்விளைவு உண்டு. அஞ்சி வாயடைத்துப்போன நாடு, தன்னை ஆள்கிறவர்களுக்கும் ஒன்றும் சொல்லாது. 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் அவர் கூட்டத்தாரும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பியபோது வெள்ளைக்கார அதிகாரிகள் மேஜர் மெக்காலே வீட்டு விருந்தில் அமர்ந்திருந்தார்கள் என்றும், பிறகு படையெடுத்துப் போனவர்கள், தாங்கள் தரைமட்டமாக்கிய கோட்டை மீண்டும் எழுந்து நிற்பதைக் கண்டு திகைத்தார்கள் என்றும் அந்தப் படையிலேயே பணியாற்றிய ஜேம்ஸ் வெல்ஷ் எழுதியிருக்கிறார். சுற்றியிருந்த கிராமங்களுக்கெல்லாம் தெரிந்திருந்த சமாசாரம் அரசுக்கு மட்டும் எட்டவில்லை. மே மாதம் கோட்டை விழுந்தபின், பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரையே ஜில்லாக் கணக்குகளிலிருந்து நீக்கும்படி உத்தரவாயிற்று. ஏட்டிலிருந்து பெயர் போயிற்று. கும்மியிலும் கதைப்பாடலிலும் அது தழைத்தது. பிற்காலத்தில் நா. வானமாமலை தொகுத்துப் பதிப்பித்த கட்டபொம்மன் கதைப்பாடல் அந்த வாய்மொழிச் செல்வத்தில் ஒரு பகுதியே.

இவ்வூருக்கு அண்மையிலுள்ள மணியாச்சி ரயில் நிலையத்தில் 1911 ஜூன் 17-ஆம் தேதி கலெக்டர் ஆஷ் சுடப்பட்டதற்கு முன்பே, 1910-ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டம் அச்சகங்களிடம் ஈட்டுத்தொகை கேட்டுக்கொண்டிருந்தது. பத்திரிகைகளின் வாயை அடைத்தது அந்தக் கொலையைத் தடுத்துவிடவில்லை.

நம் காலத்துக்கு வருவோம். 2008 நவம்பர் 26-ஆம் தேதி இரவு தொடங்கி மூன்று நாட்கள் மும்பையில் நடந்த தாக்குதலில் 166 பேர் உயிரிழந்தனர். கமாண்டோ வீரர்கள் எங்கே இறங்குகிறார்கள் என்பதைத் தொலைக்காட்சிகள் நேரடியாகக் காட்ட, எல்லைக்கு அப்பால் அமர்ந்திருந்த சூத்திரதாரிகள் அதைப் பார்த்துத் தொலைபேசியில் தங்கள் ஆட்களுக்கு உத்தரவிட்டார்கள். அந்தத் தாக்குதலில் பிடிபட்ட கசாப் மீதான வழக்கின் தீர்ப்பில், 2012-ல், உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்தது. பத்திரிகைத் தொழிலை நேசிக்கிற எவரும் வெட்கப்படவேண்டிய கண்டனம் அது. அதன் தொடர்ச்சியாக 2015 மார்ச்சில் கேபிள் தொலைக்காட்சி விதிகள் திருத்தப்பட்டன. பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கையை நேரலையில் காட்டுவது தடுக்கப்பட்டு, நடவடிக்கை முடியும்வரை, அரசு நியமித்த அதிகாரி அவ்வப்போது தரும் தகவலை மட்டுமே வெளியிடலாம் என்றாயிற்று. வீரர்கள் எத்தனை பேர், எந்த வழியாக நுழைகிறார்கள், பணயக் கைதிகள் எந்த அறையில் ஒளிந்திருக்கிறார்கள் என்பவை மறைக்க வேண்டியவையே. ஆனால் எந்தச் சாலை மூடப்பட்டிருக்கிறது, காயமுற்றோர் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், எந்த எண்ணில் விசாரிக்கலாம், அடுத்த அறிவிப்பு எத்தனை மணிக்கு என்பவற்றை மறைப்பதால் எதிரிக்கு நஷ்டம் ஒன்றுமில்லை; உறவினரைத் தேடி அலைகிற குடும்பங்களுக்கே நஷ்டம்.

இந்த வேறுபாட்டை அறியாத அரசு எவ்வளவு பெரிய கேட்டை விளைவிக்கும் என்பதற்கு, நமக்குக் கடல் கடந்து மிக அருகே இருக்கும் இலங்கையின் அனுபவத்தைவிடத் துயரமான சான்று வேறில்லை. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பிலும், தமிழ்க் குழந்தைகள் பலியான மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் பெரிய ஓட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. அதற்குப் பதினேழு நாள் முன்பாகவே, ஏப்ரல் 4-ஆம் தேதி, இந்திய உளவுத்துறையின் எச்சரிக்கை அங்கே சேர்ந்திருந்தது. ஏப்ரல் 11-ஆம் தேதியிட்ட போலீஸ் கடிதம் ஒன்று சில பாதுகாப்புப் பிரிவுகளுக்கு மட்டும் அனுப்பப்பட்டது. தேவாலயங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தமக்கே தெரிவிக்கப்படவில்லை என்று பிரதம மந்திரி கூறினார். குண்டு வெடித்த அன்றே சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. 359 என்று அறிவிக்கப்பட்ட மரண எண்ணிக்கை, ஏப்ரல் 25-ஆம் தேதி 253 அளவுக்குக் குறைக்கப்பட்டது. அதே நாளில் போலீசார் வெளியிட்ட சந்தேக நபர்களின் படங்களுள் சம்பந்தமே இல்லாத ஓர் அமெரிக்க மாணவியின் படமும் இடம்பெற்று, பிறகு மன்னிப்புக் கோரப்பட்டது. எண்ணும் படமும் மாறிக்கொண்டே இருந்தால், மறுநாள் வருகிற மெய்யான அறிவிப்பையும் யார் நம்புவார்கள்? 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், எச்சரிக்கை இருந்தும் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி சிறிசேன 10 கோடி ரூபாய் நஷ்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

தகவல் வழியை அடைத்துவிட்டால் வதந்தி அடங்கும் என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை நம் தூத்துக்குடி மாவட்டத்தாருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பயங்கரவாதச் சம்பவம் அன்று என்றாலும், 2018 மே மாதம் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்போது இங்கே நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்ட நாட்கள் நினைவில் இருக்கின்றன. ஸ்பெயின் தேசத்தில் வேறொரு விதமான பிழை நேர்ந்தது. 2004 மார்ச் 11-ஆம் தேதி மாட்ரிட் ரயில்களில் குண்டுகள் வெடித்தபோது, அரசு அவசரப்பட்டு உள்நாட்டு இயக்கமான ஈ.டி.ஏ. மீது பழிசுமத்தி அதிலேயே நின்றது. சாட்சியங்கள் வேறு திசையைக் காட்டின. மூன்று நாள் கழித்து நடந்த தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றது.

‘இன்னும் தெரியவில்லை, விசாரித்து மாலை ஆறு மணிக்குச் சொல்கிறோம்’ என்று ஓர் அதிகாரி வெளிப்படையாகச் சொல்வதை நம் அரசுகள் பலவீனமாகக் கருதுகின்றன. என் அபிப்பிராயத்தில் அதுவே மிகப் பெரிய பலம். ஆறு மணிக்கு அவர் மெய்யாகவே வந்து பேசினால், இடைப்பட்ட நேரத்தில் வதந்திக்கு இடம் குறைகிறது. அத்தகைய நம்பிக்கையை ஆபத்து வந்த அன்று உண்டாக்கிவிட முடியாது. ஐப்பசி மழையில் கண்மாயில் தேக்கிய நீரே கோடையில் உதவுவது போல, சாதாரண நாட்களில் கலெக்டரும் போலீஸ் கண்காணிப்பாளரும் நிருபர்களுக்கு ஒளிக்காமல் பதில் சொல்லிச் சேர்த்த விசுவாசமே அன்று பயன்படும். 2024 பிப்ரவரியில் சென்னைப் பள்ளிகள் பலவற்றுக்கு மின்னஞ்சலில் வெடிகுண்டு மிரட்டல் வந்தபோது, பீதியடைய வேண்டாம் என்று போலீசார் விரைந்து அறிவித்துச் சோதனையைத் தொடங்கினார்கள். அந்த விரைவு பாராட்டுக்குரியது. கோவில்பட்டியிலோ விளாத்திகுளத்திலோ ஒரு பள்ளிக்கு நாளை அப்படிப்பட்ட கடிதம் வந்தால், வாசலில் கூடும் பெற்றோரிடம் பேசவேண்டியவர் யார் என்பது இன்றே தீர்மானமாகியிருக்கிறதா?

2015-ஆம் ஆண்டு விதி தொலைக்காட்சிகள் காட்டக்கூடாததைத் தெளிவாகச் சொல்கிறது. நியமிக்கப்பட்ட அதிகாரி எத்தனை மணிக்கொருமுறை பேசியாக வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தக் குறையை மத்திய அரசு திருத்த வேண்டும். அதுவரையில், ஒவ்வொரு மாவட்டக் கலெக்டரும் தம் மாவட்டத்துக்காகப் பேசப்போகிற அதிகாரியின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பத்திரிகைகளிலும் பஞ்சாயத்து அலுவலகச் சுவர்களிலும் முன்கூட்டியே வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.