"கடைசியா எப்ப குளிச்சாங்க?"

ராத்திரி பதினொரு மணி. மகப்பேறு ஆஸ்பத்திரி. மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்த இளைஞரிடம் நர்ஸ் கேட்கிறார்:

"கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சாங்க?"

"வெள்ளிக்கிழமைதான் சிஸ்டர்... சீயக்காய் தேச்சு!"

சிரிக்காதீர்கள். நம்மைக் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும்! நர்ஸ் கேட்டது கடைசி மாதவிலக்கு ஆரம்பித்த தேதியை. அதை வைத்துத்தான் கர்ப்பம் எத்தனை வாரம் என்று கணக்கிடுகிறார்கள். அதோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் உத்தேசப் பிரசவத் தேதி. இன்க்ரிமென்ட் தேதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற நமக்கு, இந்தத் தேதி மட்டும் தெரியாது.

அடுத்த கேள்விகள் சரமாரியாக வரும். 'ரத்தம் எவ்வளவு நேரமா படுது? எத்தனை பேட் மாத்தினாங்க? வலி ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா? தலை சுத்துச்சா? தோள்பட்டை வலிக்குதா?'

'வயித்துல பிரச்னைன்னு வந்தா தோள்பட்டையைக் கேக்கறாங்களே!' என்று எரிச்சல் வேண்டாம். நூறு கர்ப்பத்தில் ஒன்று, இரண்டு கர்ப்பப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயிலேயே தங்கிவிடும். குழாய் வெடித்தால் ரத்தம் வயிற்றுக்குள்ளேயே கொட்டும். அது உதரவிதானத்தை உறுத்தும்போது, வலி தெரிவது தோள் நுனியில்! வெளியே படுவதோ சில சொட்டுதான். 'லேசாத்தானே படுது, படுத்தா சரியாயிடும்' என்று விடியும்வரை காத்திருந்தால் உயிரே போகலாம்.

பேசிக்கொண்டே நர்ஸின் விரல் நாடியில் இருப்பதைக் கவனியுங்கள். வயசுப் பெண்களுக்கு ரத்தம் போனாலும் பிரஷர் சட்டென்று இறங்காது. பெரும்பாலும் முதலில் நாடிதான் எகிறும். 'பிரஷர் நார்மல்தானே' என்று நாம் நிம்மதியாகும் நேரத்தில் அவர் டாக்டரைக் கூப்பிட ஓடுவது அதனால்தான்.

ரத்த குரூப்பையும் கேட்பார். மனைவிக்கு நெகட்டிவ் குரூப் என்றால், டாக்டர் சொல்கிறபடி 72 மணி நேரத்துக்குள் 'ஆன்டி-டி' ஊசி தேவைப்படலாம். அடுத்த குழந்தைக்கான காப்பு அது.

அதேசமயம், ரத்தம் பட்டாலே கரு போயிற்று என்று அர்த்தமில்லை. அப்படி வருபவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் கர்ப்பம் நல்லபடியாகத் தொடர்கிறது. அப்படியே கலைந்தாலும், ஆரம்ப மாதங்களில் பெரும்பாலும் கருவின் குரோமோசோம் கோளாறுதான் காரணம். 'மாடிப்படி ஏறினா, அதான்!' என்று அம்மாவோ அத்தையோ ஆரம்பித்தால், குறுக்கே நின்று தடுக்க வேண்டியது நீங்கள்தான்.

சரி, பத்து மாதம் நல்லபடியாக ஓடிவிட்டது. குழந்தையும் பிறந்தாயிற்று. 'பையனா, பொண்ணா?' என்று நாம் கேட்பதற்குள் குழந்தைக்கு மார்க் போட்டாயிற்று! அமெரிக்க டாக்டர் வர்ஜீனியா அப்கார் 1952-ல் கண்டுபிடித்த முறை இது. நிறம், இதயத் துடிப்பு, சீண்டினால் சிணுங்கல், கைகால் முறுக்கு, மூச்சு... ஐந்து பாடம், தலா இரண்டு மார்க். முதல் நிமிஷம் ஒரு தடவை, ஐந்தாவது நிமிஷம் ஒரு தடவை. பத்துக்கு எட்டு, ஒன்பது என்றால் கவலை வேண்டாம். கைகால் நுனி நீலமாக இருந்தே ஒரு மார்க் போவது சகஜம். அதற்காக இப்போதே டியூஷன் வைத்துவிடாதீர்கள்!

வீட்டுக்கு வந்ததும் அந்த நர்ஸின் கண் உங்களுக்கு வேண்டும். குழந்தை பால் குடிக்க மறுத்தால், நிமிஷத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால், நெஞ்சு உள்ளே இழுத்தால், உடம்பு சில்லிட்டால் அல்லது கொதித்தால், வலிப்பு வந்தால், உள்ளங்கை, பாதம்வரை மஞ்சள் ஏறினால்... உரை மருந்தைத் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம், தாய்ப்பால் போதும்.

இன்றைக்கே மனைவியிடம் கேட்டு அந்தத் தேதியையும் ரத்த குரூப்பையும் குறித்து வையுங்கள். நாளைக்கு நர்ஸ் கேட்டால், சீயக்காய் ஞாபகம் வராது!